பதினேழு கண் பாலத்துப் பேரம்

அறுபத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாதம். பாலாற்றங்கரையில் தர்மன் சைக்கிளை விட்டு இறங்கியபோது மணி பன்னிரண்டைத் தொட்டிருந்தது. ஆற்றில் பேருக்குக்கூடத் தண்ணீர் இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை மணல்தான், அதன்மேல் கானல். அந்த மணலில் காலை ஊன்றிக்கொண்டு வரிசையாக நின்றது பதினேழு கண் பாலம்.

வெள்ளைக்காரன் கட்டிய ரயில் பாலம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் பதினேழு வளைவுகள். ஒரு காலத்தில் அதன்மேல் கிளை ரயில் ஒன்று ஓடியது. யுத்தம் வந்தபோது தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்ததும் திருப்பிப் போட மறந்துவிட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த ஸ்லீப்பர் கட்டைகளை மட்டும் கழற்றி, கரையோரத்து முதல் கண்ணுக்குக் கீழே, வெள்ளம் எட்டாத மேட்டில் அடுக்கியிருந்தார்கள். இருபத்தைந்து வருஷமாக அந்தக் கட்டைகளை ஒரு பயல் தொடவில்லை.

அதுதான் தர்மனுக்கு விளங்கவில்லை. அடுப்பெரிக்க வேலி முள்ளைக்கூட விட்டுவைக்காத ஊர் இது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாத கட்டையை விட்டுவைத்திருக்கிறது என்றால் விலையில் ஏதோ இழுபறி இருக்கவேண்டும். இழுபறியைத் தீர்க்கத்தானே தரகன் பிறந்திருக்கிறான்?

தர்மன் விற்றுக்கொடுக்காத பொருள் காஞ்சிபுரத்தில் கோயில் கோபுரம் ஒன்றுதான், அதுவும் ஏற்றிப்போக வண்டி கிடைக்காததால்தான் என்று தெருவில் சொல்வார்கள். மாடு, மனை, பழைய தறி, கல்யாணத்துக்குப் பெண் எதுவானாலும் அவர் கை நடுவில் இருக்கும். ஐம்பத்திரண்டு வயதில் தலைமுடிதான் நரைத்திருந்தது. நாக்கு நரைக்கவில்லை. மாப்பிள்ளை அப்பாதுரை பட்டு நெய்கிறவன். வீட்டோடு இருந்த அவனுக்குக் கொட்டகையில் மூன்றாவது தறி ஒன்று போடவேண்டும். தறிச் சட்டத்துக்கு இந்த ஸ்லீப்பர் கட்டையை மிஞ்சிய மரம் இல்லை. பாலத்தை இடிக்கும் குத்தகை யாரோ ஒரு மதராஸ் ஆசாமிக்குப் போயிருந்தது. அவருடைய ஆள், துரைக்கண்ணு என்று பெயராம், உச்சிப்பொழுதுக்குப் பாலத்தடியில் வந்து நிற்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். தர்மன் அவனை முன்னே பின்னே பார்த்ததில்லை.

முதல் கண்ணுக்குக் கீழே நிழல் கறுப்பாகக் கிடந்தது. வெளியே கண்ணைக் குத்திய வெயிலுக்கு, உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. முதலில் வந்தது வாசனைதான். நாள்பட்ட கிணற்றின் வாசனை. தூர் வாருகிறபோது அடியிலிருந்து கிளம்புமே, அது. சுற்றிலும் ஒரு மைலுக்குக் கிணறே கிடையாது.

கட்டை அடுக்கின் ஓரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். தலையில் முக்காடு மாதிரித் துணி. குனிந்த தலை. முட்டியைக் கட்டிக்கொண்டு, சந்தையில் விலை படியாத மாட்டுக்காரன் உட்கார்ந்திருப்பதுபோல.

“வந்து ரொம்ப நாழி ஆவுதா?” என்றார் தர்மன்.

அவன் வலது கையை மட்டும் மெல்ல நீட்டினான்.

தர்மனுக்கு மனசு குளிர்ந்தது. அட, நம்ம தொழில்காரன்! தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டிய கையின்மேல் போட்டார். தன் கையையும் உள்ளே விட்டார்.

மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது விலையை வாயால் சொன்னால் கெட்டுப்போகும். அதனால் துண்டை மூடிக்கொண்டு விரலால் பேசுவார்கள். எதிராளியின் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. ஐந்துக்கு மேலே என்றால் ஐந்தையும் பிடித்து விட்டுவிட்டு, மிச்சத்தை மறுபடி பிடிக்க வேண்டும். பேசக் கூடாது. முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்க்கிறவன் ஏமாறுவான் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம்.

தர்மன் முகத்தைப் பார்க்கவில்லை.

துண்டுக்குள் அந்தக் கை சில்லென்று இருந்தது. வெகுநேரம் தண்ணீரில் ஊறிய கைபோல, தோல் சுருங்கி விரல் நுனிகள் கூழாகியிருந்தன. இடையிடையே மணல் நெருடியது. வெயிலில் நடந்துவந்த கைக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

அந்தக் கை ஏழு என்றது.

ஐந்தைப் பிடித்து, விட்டு, அப்புறம் இரண்டைப் பிடித்திருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. ஒரே பிடியில் ஏழு. எப்படி முடிந்தது என்று யோசிக்கத் தர்மனுக்கு எங்கே நேரம்? கட்டை ஒன்றுக்கு ஏழு ரூபாயா, வெட்கமில்லை உனக்கு என்று அவருடைய விரல்கள் துள்ளின. ஒன்று என்றார். எடுத்த எடுப்பில் அடிமாட்டு விலை கேட்பது அவருடைய பழக்கம். கை ஆறு என்றது. தர்மன் மறுபடியும் ஒன்று என்றார். ஐந்து. ஒன்று. நான்கில் அந்தக் கை வெகுநேரம் நின்றது. தர்மன் கையை உருவிக்கொள்வதுபோலப் பாவனை காட்டினார். கை அவசரமாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. மூன்று. இரண்டு.

கடைசியில் அது தர்மனின் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்தது. பிறகு உள்ளங்கையோடு உள்ளங்கையைத் தட்டியது. முடிந்தது பேரம்.

முப்பது வருஷத் தரகில் ஏழில் தொடங்கிய விலையை ஒன்றாக்கியது அதுதான் முதல் தடவை. தர்மனுக்குத் தரையில் கால் பாவவில்லை. “பணம் கட்டைய ஏத்தும்போது கைமேல. சரிதானே?” என்று துண்டை உருவி முகத்தைத் துடைத்தார்.

வெளியே சைக்கிள் மணி அடித்தது.

“தரகரே! கோச்சிக்காதீங்க, வர்ற வழியில டயரு பஞ்சரு. அரை மைல் தள்ளிக்கினே வரேன்.” வியர்வை வழிய ஒரு நடுவயது ஆள் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

“நீ யாருப்பா?”

“நான்தான் துரைக்கண்ணு. கான்ட்ராக்டர் ஆளு. கட்டை வேணும்னு சொன்னீங்களாமே?”

தர்மன் திரும்பிப் பார்த்தார்.

கட்டை அடுக்கு இருந்தது. நிழல் இருந்தது. ஆள் உட்கார்ந்திருந்த இடத்தில் மணல், காற்று விசிறிவிட்ட வரி கலையாமல், அப்படியே இருந்தது.

கையிலிருந்த துண்டு நனைந்து கனத்தது. அதிலிருந்து கிணற்று வாசனை வந்தது.

“இன்னா தரகரே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? கட்டை நாலு ரூபா. உங்களுக்காக மூணரை.”

“நாளைக்குப் பேசிக்கலாம்பா,” என்றார் தர்மன். வாங்க வந்த இடத்தில் நாளைக்கு என்று அவர் சொன்னதும் அதுதான் முதல் தடவை.

ஆற்று மணலில் கொஞ்சம் தள்ளி, தர்பூசணிக் கொடிகளுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைக் கையால் பொத்தியிருந்தாள். அவர் நிற்கவில்லை. சைக்கிளை மிதித்தார்.

மறுநாள் விடியற்காலை நீலாம்பாள் போட்ட கூச்சலில்தான் தர்மன் கண்விழித்தார்.

“ஏங்க! இன்னாங்க இது? எப்ப எறக்கினாங்க? வாசல் தெளிக்க வந்தா வழியே இல்லாம பண்ணி வச்சிருக்குது!”

வீட்டு வாசலில், கொட்டகைச் சுவர் ஓரமாக, ஸ்லீப்பர் கட்டைகள் அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்த்தால் அறுபதாவது இருக்கும். கறுத்து, ஈரத்தில் மின்னின. ஒவ்வொன்றையும் தூக்க நாலு ஆள் வேண்டும். வண்டி வந்த தடம் இல்லை. தெருநாய் ஒன்றுகூடக் குரைக்கவில்லை. நீலாம்பாள் முந்தின நாள் போட்ட கோலத்தில் ஒரு புள்ளிகூட அழியவில்லை.

மாப்பிள்ளை அப்பாதுரை கட்டையைத் தட்டிப் பார்த்தான். “மாமா, வைரம் பாஞ்ச கட்டை மாமா. எம்மாத்துக்கு முடிச்சீங்க?”

“ஒண்ணு,” என்றார் தர்மன்.

“ஒரு ரூபாயா! உங்க கைய கோயில்ல வச்சி கும்பிடணும் மாமா!”

தர்மன் சிரிக்கவில்லை. பொருள் வந்துவிட்டது. கேட்காமலே கொண்டுவந்து இறக்கியாயிற்று. சந்தையில் அப்படி ஒருவன் இறக்கினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். விலையை வாங்க அவன் அவசரப்படுகிறான்.

வாயில் தண்ணீர்கூட ஊற்றாமல் ஆற்றுக்கு மிதித்தார்.

தர்பூசணிப் பயிர் செல்லியம்மாளுடையது. வருஷா வருஷம் ஆறு காய்ந்ததும் மணலில் குழி பறித்து விதை போடுகிறவள். நாற்பது தாண்டிய உரமான உடம்பு. தர்மனைக் கண்டதும் களைக்கொத்தைக் கீழே போட்டாள்.

“வருவீங்கன்னு தெரியும்ணே. நேத்தே கூப்ட்டு சொல்லணும்னு பாத்தேன். வாய் வரல.”

“நேத்து நீ இன்னாத்த பாத்த?”

“உங்கள பாத்தேன். தனியா ஒக்காந்துக்கினு, கைய நீட்டி, அது மேல துண்டப் போட்டுக்கினு இருந்தீங்க. எதிர்ல யாரும் இல்ல. ஆனா துண்டுக்கு அடியில ரெண்டு கை மேடு தெரிஞ்சுது.”

தர்மன் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

“யாரு அவன்?”

“உங்க ஜாதிதான், தரகன். பாலம் கட்டச்சொல்லோ தூணுக்கு அடியில கிணறு எறக்குவாங்களாம். உள்ள எறங்கி மண்ணு வார்றதுக்கு ஆளு வேணும். எத்தினி ஆளுன்னு தொரைகிட்ட விரலப் புடிச்சி பேசி, ஊரு ஊரா ஆளு கொண்டாந்தது அவன்தான். ஒருநா கெணறு சரிஞ்சி மூடிக்கிச்சாம். ஆளுங்களோட அவனும் உள்ள. எங்க மாமியா சொன்ன கதை. நெசமோ பொய்யோ.” அவள் பாலத்தைப் பார்க்காமல் பேசினாள். “ஆனா பரசுராமன் கதை பொய் இல்ல. முசரவாக்கத்தாரு. நாலு வருசம் முன்னாடி பழைய செங்கல்லு வாங்க வந்தாரு. இதே எடத்துல துண்டு போட்டாரு. அவன் பத்து கேட்டானாம், இவரு மூணுல முடிச்சாராம். சிரிச்சிக்கினே எங்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. விடிஞ்சா வாசல்ல செங்கல்லு.”

“அப்புறம்?”

“ஒரே மாசத்துல மூணு சாவு. பொண்டாட்டிய பாம்பு கடிச்சுது. தம்பிக்கு காய்ச்ச. பெரிய புள்ள குளத்துல. அவரு வூட்ல அப்ப பத்து பேருண்ணே. எண்ணித்தான் கேட்டிருக்கான்.”

தர்மன் எண்ணத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. தான். நீலாம்பாள். இரண்டு மகன்கள். பெரியவன் பெண்டாட்டி. மகள் கலாவதி. மாப்பிள்ளை அப்பாதுரை.

ஏழு.

அவன் கேட்டது ரூபாய் இல்லை. ஏழு தலைகளைக் கேட்டிருக்கிறான். தர்மன் சாமர்த்தியமாகப் பேசி, ஒரு தலைக்கு இறக்கி, கையைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார். எதற்கு விலை பேசுகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டுக்குள் கையை விட்டால் கேட்க மாட்டார்கள், அதுதானே பெருமை!

“முறிக்க முடியாதா?” குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “பொருளைத் திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டா?”

“பரசுராமன் வண்டி வச்சி கொண்டாந்து கொட்டினாரு. ராவோட ராவா திரும்ப அவரு வூட்டு வாசலுக்கே போயிடுச்சு.” செல்லியம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். “துண்டுல முடிச்சத துண்டுலதான் மாத்த முடியும்ணே. அவருக்கு திரும்ப கைய விட தைரியம் வரல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

வெயில் ஏறுகிறவரை தர்மன் கரையிலேயே காத்திருந்தார். நிழல் காலடியில் சுருண்டதும் எழுந்து முதல் கண்ணுக்குக் கீழே போனார்.

கட்டைகள் இருந்த இடம் இப்போது வெறுமையாகக் கிடந்தது. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலது கையை நீட்டி அதன்மேல் துண்டைப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றும் நடக்கவில்லை.

பாலத்தின் இடுக்கில் புறாக்கள் குனுகிக்கொண்டிருந்தன. தூரத்தில் செல்லியம்மாள் கொத்துகிற சத்தம். பிறகு புறாக்கள் நிறுத்தின.

தலைக்கு மேலே, தண்டவாளம் இல்லாத பாலத்தின்மேல், வெகு தூரத்திலிருந்து ஏதோ உருண்டு வந்தது. வளைவு அதிர்ந்தது. சுண்ணாம்புத் தூள் அவர் தலையில் உதிர்ந்தது. சத்தம் நேர் மேலே வந்து நின்றது.

கிணற்று வாசனை.

துண்டுக்கு அடியில், சில்லென்று, அந்தக் கை வந்தது.

அது எதையும் தேடவில்லை. நேராக அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தது. ஒன்று. பேசி முடித்ததை நினைவுபடுத்துகிற பிடி, கோபமில்லாத பிடி.

தர்மன் கையை முஷ்டியாக மூடினார். ஒன்றும் கிடையாது, போ. அந்த விரல்கள் பொறுமையாக அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன. ஆள்காட்டி விரலை மட்டும் மறுபடி பிடித்தன. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. துண்டுக்குள் நூறு உண்டு, ஆயிரம் உண்டு. ஒன்றுமில்லை என்பதற்கு விரல் கிடையாது. சும்மா கொடு என்று கேட்க எந்தத் தரகனும் அடையாளம் கண்டுபிடிக்கவில்லை.

“நான்,” என்று முணுமுணுத்தார். “அந்த ஒண்ணு நானா இருக்கட்டும்.”

அந்தக் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தார். ஈரம் சட்டையில் இறங்கி இதயத்தைத் தொட்டது. கை ஒரு கணம் அங்கேயே இருந்து, துடிப்பைக் கேட்டது. பிறகு அவருடைய உள்ளங்கையை நகத்தால் சுரண்டியது. வேண்டாம் என்று அர்த்தம். கிழட்டு மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒதுக்குகிறவனின் சுரண்டல்.

கலாவதியின் முகம் கண்ணுக்குள் வந்தது. சின்ன மகன் வந்தான். அப்பாதுரை வந்தான். நீலாம்பாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். யார் என்று சொல்லமாட்டேன் என்கிறது அந்தக் கை.

பயம் தலைக்கேறிய அந்த நிமிஷத்தில்தான் தர்மனுக்குள்ளிருந்து தரகன் எழுந்தான்.

சந்தையில் ஒரு கணக்கு உண்டு. விலை கடைசியாக ஒரு விரலில் முட்டிக்கொண்டு நின்றால், எதிராளியின் விரலில் நடுக் கணுவின்மேல் நகத்தால் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்கள். அரை என்று பொருள். தர்மன் அந்தக் குளிர்ந்த விரலைப் பிடித்தார். நடுக் கணுவைத் தேடினார். அங்கே தோல் வழுக்கியது, எலும்பு தட்டுப்பட்டது. கோடு இழுத்தார்.

அரை.

கை அசையவில்லை.

அவர் விடவில்லை. மறுபடி இழுத்தார். ஏழிலிருந்து ஒன்றுக்கு வந்தவன்தானே நீ, இன்னும் ஒரு படி இறங்கு. கையை உருவுவதுபோலப் பாவனை காட்டினார். சொல்ல வெட்கம்தான், அவருக்கு அந்தக் கணம் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. எதிரே இருப்பது என்ன என்பது மறந்துபோய், விலை மட்டும்தான் மிச்சமிருந்தது.

அந்தக் கை யோசித்தது. எதையோ எண்ணிப் பார்ப்பதுபோல அதன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி விரிந்தன. வெகு தூரத்தில் எங்கேயோ, ஏதோ ஒரு வீட்டுக்குள், அது எட்டிப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

பிறகு அவருடைய விரலின் நடுக் கணுவில் ஒரு கோடு விழுந்தது.

உள்ளங்கை தட்டியது. முந்தின நாளைவிடப் பலமாக. மகிழ்ச்சியாக.

துண்டு தொளதொளவென்று மணலில் விழுந்தது. புறாக்கள் மறுபடி குனுக ஆரம்பித்தன.

தர்மன் வெளியே வந்து வெயிலில் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தார். செல்லியம்மாள் ஓடிவந்தாள்.

“இன்னாண்ணே? இன்னா ஆச்சு?”

“அரையில முடிச்சிட்டேன்மா!”

“அரையா?”

“அரை ஆளை எங்கிருந்து எடுப்பான்? எங்க வூட்ல முழு ஆளுங்கதான் இருக்குது. கொடுக்க முடியாத சரக்குக்கு வெலை பேசிட்டான் முட்டாப் பய. செத்தும் தொழில் தெரியல!”

செல்லியம்மாள் சிரிக்கவில்லை. சொல்லத் தெரியாத ஏதோ ஒன்று அவள் நெற்றியில் முடிச்சிட்டிருந்தது. தர்மன் அதைக் கவனிக்கவில்லை. அவளிடம் பெரிய பழமாக ஒன்றை வாங்கி, கேட்ட விலையை அப்படியே கொடுத்தார். அவர் வாழ்க்கையில் அதுவும் முதல் தடவை.

வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தர்மன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். பழம் தெருவில் விழுந்து பிளந்தது.

ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். மகன்கள், மருமகள், அப்பாதுரை. உள் அறையில் கலாவதியின் குரல் கேட்டது. ஒருவர் குறையவில்லை. நீலாம்பாள் சர்க்கரைக் கிண்ணத்தோடு எதிரே வந்து, அவர் வாயில் ஒரு கை திணித்தாள்.

“எங்கங்க போய்த் தொலைஞ்சீங்க? உங்க பொண்ணு காலைலேர்ந்து வாந்தி எடுத்துக்கினு இருந்தா. பித்தம்னு நெனச்சேன். பொன்னியம்மாவ கூட்டியாந்து நாடி பாத்தா, சேதி வேற!”

மருத்துவச்சி பொன்னியம்மாள் வெற்றிலையை மென்றபடி எழுந்தாள். “கல்யாணமாகி மூணு வருசம் கோயில் கோயிலா சுத்தினது வீண் போவலப்பா. தாத்தா ஆவப்போற. ரெண்டு மாசம் தாண்டியிருக்குது. ஆனா பத்தரமா பாத்துக்கணும். கையும் காலும் இன்னும் சரியா வரல. இப்பத்திக்கு அது முழு உசுரு இல்ல. அரை உசுருதான்.”

சர்க்கரை தர்மனின் வாயில் மணலாக நெருடியது.

யாரும் எண்ணாத ஒன்றை அந்தக் கை எண்ணியிருக்கிறது. அவர்தான் காட்டிக்கொடுத்திருக்கிறார். நகத்தால் கோடு போட்டு, இது இருக்கிறது பார் என்று.

“இன்னாங்க, சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சா?” என்றாள் நீலாம்பாள்.

அவர் உள் அறைக்குப் போனார். கலாவதி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தாலும் பூரித்திருந்தது. மடியில் ஒரு வாழை இலைப் பொட்டலம் விரிந்திருந்தது. அதிலிருந்து எதையோ எடுத்து எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிச் சப்பிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா அது?”

“கோச்சிக்காத நைனா. காலைலேர்ந்து சோறு எறங்கல, மண்ணு திங்கணும்னு வாய் ஊறிக்கினே இருக்குது. பொன்னியம்மா ஆயாதான் அது மசக்கைனு சொல்லுச்சு.” அவள் வெட்கமாகச் சிரித்தாள். பற்களுக்கு நடுவே கரேலென்று ஈரம் தெரிந்தது. “நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி கொல்லைப் பக்கமா ஒருத்தரு வந்தாரு. நான் யார்கிட்டயும் கேக்கக்கூட இல்ல. அவராவே குடுத்துட்டுப் போனாரு. சில்லுனு, அவ்ளோ ருசியா இருக்குது நைனா.”

“யாரு?” என்றார் தர்மன்.

“முக்காடு போட்டிருந்தாரு, மூஞ்சி தெரியல. உனக்குத் தெரிஞ்சவராம். ‘நானும் உங்கப்பனும் ஒரே தொழில்மா’ன்னாரு. பாவம், நல்ல மனுசன்.”

கலாவதி இன்னொரு பிடியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“வெயில்ல எதுக்கு அலையறீங்கன்னு கேட்டேன். ‘பத்து மாசமும் நானே தெனம் கொண்டாந்து குடுப்பேன், நீ நல்லா தின்னு’ன்னு சொல்லி, என் வயித்தத் தொட்டுப் பாத்துட்டுப் போனாரு.”

அவளுடைய மஞ்சள் புடவையில், அடிவயிற்றுக்கு நேராக, ஐந்து விரல்களின் ஈரம் பதிந்திருந்தது. தர்மன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் பக்கத்தில் ஆறாவது விரல் நனைந்தது. பிறகு ஏழாவது. ஒரே பிடியில் ஏழு சொன்ன அதே கை.